126 பந்து, 10 இன்னிங்ஸ், பூஜ்யம்: 1991 ஏழாவது ஆட்டம் மோரிஸ் வென்றதா, லோனி ஸ்மித் தாரை வார்த்ததா?

#1 ராக்கோழி

நேற்று ராத்திரி 1991 பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை (ஏழில் நான்கு வென்றால் கோப்பை, அதனால் இதுதான் முடிவு ஆட்டம்) முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை மறுபடி பார்த்தேன். இது மூன்றாவது முறை. மினசோட்டா ட்வின்ஸ் 1, அட்லாண்டா பிரேவ்ஸ் 0. ட்வின்ஸ் பிட்சர் ஜாக் மோரிஸ் பத்து இன்னிங்ஸையும் தானே வீசி முடித்தார். 126 பந்து, 7 ஹிட், 2 வாக் (தப்புப் பந்து நான்கு போட்டு பேட்டரை முதல் பேஸுக்குச் சும்மா நடக்க விடுவது), 8 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட் ஆக்குவது). ரன் கிடையாது.

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "அது மோரிஸ் வென்ற ஆட்டம் இல்லை, லோனி ஸ்மித் தாரை வார்த்த ஆட்டம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இந்த இழை.

என் கட்சி இதுதான். எட்டாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸின் ஸ்மித் பேஸ்களுக்கு நடுவே ஓடும்போது தடுமாறியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவர் தடுமாறி முடித்த நேரத்தில் பிரேவ்ஸ் அணிக்கு மூன்றாம் பேஸில் ஒருவர், இரண்டாம் பேஸில் ஒருவர். மூன்று பேஸையும் தாண்டி ஹோமுக்கு வந்தால் ரன், மூன்று அவுட் விழுந்தால் அந்த முறை முடிந்தது. இங்கே அவுட் ஒன்றுகூட விழவில்லை. அடுத்து வரிசையில் மூன்று, நான்கு, ஐந்தாம் இடத்துப் பேட்டர்கள். அங்கிருந்து ஒரு ரன் வராமல் போனதற்கு ஓடியவரைப் பிடித்துக் கேட்டால் எப்படி?

#2 கணக்கன்

எழுதியது நான்தான். ஓடி ஒளியவில்லை.

எட்டாவதில் ஸ்மித் முதல் பேஸில் நின்றபோது பிரேவ்ஸின் டெர்ரி பெண்டில்டன் அடித்த அந்தப் பந்து இடது-நடு மைதானத்தின் ஆழத்தில், வேலியோரம் போய் விழுந்தது. முதல் பேஸில் நின்றவர் சாதாரண ஓட்டக்காரராக இருந்தாலே ஹோமுக்கு வந்து சேர்ந்திருப்பார். ஸ்மித் சாதாரண ஓட்டக்காரர் இல்லை, அதுவும் பந்து பிட்சர் கையை விட்டபோதே ஓட ஆரம்பித்துவிட்டார். வந்திருந்தால் எட்டாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் 1-0. அதே மோரிஸ், அதே பந்து, அதே தோள். ஆனால் தோற்ற பிட்சர். இன்று யாராவது அவருக்கு இழை திறப்பார்களா?

ஷட்அவுட் என்பதே பாதி பிட்சர் சம்பாதிப்பது, பாதி மற்றவர்கள் போடுவது. அதைத்தான் சொன்னேன்.

#3 புதுசு_நான்

அண்ணன்மார்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். ஷட்அவுட் என்றால் எதிரணிக்கு ரன்னே இல்லை, அதுவரை புரிகிறது. ஒரே ஆள் முழுக்க வீசுவது ஏன் இவ்வளவு பெரிய பேச்சு? டெஸ்ட்டில் ஒரு பவுலர் ஒரு நாளில் முப்பது ஓவர் போடுவதில்லையா?

#4 இடதுகை

தம்பி, நல்ல கேள்வி. டெஸ்ட்டில் முப்பது ஓவர் போடுபவர் ஒரு முனையிலிருந்துதான் போடுகிறார். நடுவில் ஃபைன் லெக்கில் போய் நின்று மூச்சு வாங்கலாம், டீ குடித்துவிட்டுத் திரும்ப வரலாம். பேஸ்பாலில் எதிரணிக்கு வீசும் ஒவ்வொரு பந்தையும் அவர் ஒருவரே வீச வேண்டும். அதைவிட முக்கியம், ஒருமுறை அவரை எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் திரும்பவே முடியாது. அதனால் "கொஞ்சம் ஓய்வு கொடுத்துப் பார்ப்போம்" என்ற பேச்சே கிடையாது. மேனேஜர் மைதானத்துக்குள் நடந்து வந்து பந்தைக் கேட்டு வாங்கினால், கதை முடிந்தது.

ஒன்பது இன்னிங்ஸையும் ஒருவரே முடித்தால் அது கம்ப்ளீட் கேம். அதிலும் ரன்னே கொடுக்காமல் முடித்தால் கம்ப்ளீட் கேம் ஷட்அவுட். மோரிஸுக்கு ஒன்பது போதவில்லை. தன் அணியும் அடிக்கவில்லையே! 0-0 என்றால் பத்தாவது இன்னிங்ஸுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரில் அது அவருடைய மூன்றாவது ஆட்டம். அக்டோபர் 19 முதல் ஆட்டம், 23 நான்காவது, 27 ஏழாவது. நடுவில் மூன்று மூன்று நாள்தான் ஓய்வு. வயது 36.

#5 மினசோட்டா மாமா

நான் மினியாபொலிஸ் வந்து சேர்ந்தது இந்த ஆட்டம் முடிந்து சில வருடம் கழித்து. அதனால் "அன்றைக்கு அங்கே இருந்தேன்" என்று கதை விட மாட்டேன். (இந்த ஊரில் அப்படிச் சொல்பவர்களை எண்ணினால் அரங்கம் மூன்று தடவை நிரம்பும். உண்மையில் உட்கார்ந்திருந்தது 55,118 பேர்.) ஆனால் ட்வின்ஸின் சொந்த அரங்கமான அந்த மெட்ரோடோமில் வேறு ஆட்டங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித் தெரியாமல் இந்த ஆட்டத்தைப் பேச முடியாது.

மேலே டெஃப்லான் பூசிய வெள்ளைத் துணிக்கூரை. தூண் எதுவும் தாங்கவில்லை, உள்ளே ஊதிய காற்றின் அழுத்தம் மட்டுமே அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஆட்டம் முடிந்து வெளியே போகக் கதவைத் திறந்தால் பின்னாலிருந்து காற்று ஒரே தள்ளாகத் தள்ளி நடைபாதையில் கொண்டுபோய் விடும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வெளியேறுவோம். 2010 டிசம்பரில் பனி குவிந்து அந்தக் கூரை கிழிந்து உள்ளே விழுந்தது. 2014-இல் மொத்தமாக இடித்துவிட்டார்கள்.

அந்தக் கூரை இரண்டு வேலை செய்தது. ஒன்று, சத்தம் வெளியே போகாது. ஐம்பத்தைந்தாயிரம் பேர் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக் கத்தினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. இரண்டு, உயரப் போன வெள்ளைப் பந்து வெள்ளைக் கூரையில் கலந்து காணாமல் போய்விடும். பழக்கமில்லாத அணிக்கு அது நரகம். 1987, 1991 இரண்டு உலகத் தொடரிலும் ட்வின்ஸ் சொந்த மைதானத்தில் எட்டுக்கு எட்டு வென்றது. வெளியூரில் ஆறுக்கு ஆறு தோல்வி. லோனி ஸ்மித்தை ஏசுவதற்கு முன்னால் இதையும் மனதில் வையுங்கள் கணக்கன்.

#6 ராக்கோழி

மாமா, கூரைக் கதைக்கு நன்றி. எட்டாவது இன்னிங்ஸை நான் மூன்று முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஸ்கோர் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே சொல்கிறேன்.

ஸ்மித் முதல் ஆளாக வந்து ஒரு சிங்கிள் அடிக்கிறார். அடுத்து பெண்டில்டன். பந்து வீசப்பட்டதும் ஸ்மித் இரண்டாம் பேஸை நோக்கி ஓடுகிறார், குனிந்த தலை. பெண்டில்டன் அடிக்கிறார். ஸ்மித் பந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை. இரண்டாம் பேஸை நெருங்கும்போது ட்வின்ஸின் சக் நாப்லாக்கும் கிரெக் காக்னியும் தரையில் உருண்ட பந்தைப் பிடித்து இரட்டை அவுட் (ஒரே அடியில் இரண்டு பேர்) எடுப்பது போல நடிக்கிறார்கள். கையில் பந்தே இல்லை! ஸ்மித் இரண்டாம் பேஸைத் தாண்டி நிற்கிறார். தலையைத் தூக்கித் தேடுகிறார். பந்து வேலியில். மறுபடி ஓடி மூன்றாம் பேஸோடு நின்றுவிடுகிறார்.

இதுவரை கணக்கன் பக்கம். இனிமேல் என் பக்கம்.

ரான் கேண்ட் வருகிறார். ஒரு ரன் வந்தாலே போதும் என்பதால் ட்வின்ஸ் உள்வட்டக்காரர்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். மோரிஸ் கொடுத்த பந்தில் கேண்ட் முதல் பேஸ் பக்கம் சொத்தையாக ஒரு தட்டு. முதல் பேஸில் நிற்கும் கென்ட் ஹெர்பெக் எடுத்து அவுட் ஆக்குகிறார். ஸ்மித் மூன்றாம் பேஸிலிருந்து அசையக்கூட முடியவில்லை. ஒரு அவுட்.

டேவிட் ஜஸ்டிஸ். இடதுகை பேட்டர், ஆபத்தானவர். ட்வின்ஸ் மேனேஜர் டாம் கெல்லி வேண்டுமென்றே அவரை முதல் பேஸுக்கு நடக்க விடுகிறார். மூன்று பேஸும் நிரம்பியது. இப்போது ஒரு வாக் கொடுத்தால் கூட ரன்.

சிட் பிரீம். மறுபடி முதல் பேஸ் பக்கம் தரைப்பந்து. ஹெர்பெக் பிடித்து ஹோமுக்கு எறிகிறார், கேட்சர் பிரையன் ஹார்ப்பர் தட்டில் கால் வைத்து ஸ்மித்தை அவுட் ஆக்கி, அதே வேகத்தில் ஹெர்பெக்குக்கே திருப்பி எறிகிறார். பிரீம் அவுட். நோட்டில் 3-2-3 என்று எழுதினேன் (3 முதல் பேஸ்காரர், 2 கேட்சர்). எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது, முடிவு தெரிந்த ஆட்டத்துக்கே.

மூன்றாம் பேஸில் நின்ற அதே ஸ்மித்தான் ஹோமில் அவுட் ஆனவர் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேட்டர்களும் அடித்தது எங்கே? இரண்டும் ஹெர்பெக் கைக்கு. கேண்ட்டிடமிருந்து ஒரு நல்ல ஃப்ளை, வெளி மைதானத்துக்கு உயர்த்தி ஒன்றே ஒன்று, போதும். அது பிடிபட்டாலும் ஸ்மித் ஓடி வந்து ரன் ஆகியிருக்கும். அதை அடிக்க விடாதது யார்?

#7 தூக்கம்கெட்டவன்

கையில் இல்லாத பந்தை வைத்து இரட்டை அவுட் எடுத்த நாப்லாக்குக்குத்தான் எம்.வி.பி. (தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது) கொடுத்திருக்க வேண்டும். சிறந்த நடிகர் விருதும் சேர்த்து.

#8 கணக்கன்

ஸ்மித் பின்னாளில் தான் அந்த நடிப்பில் ஏமாறவே இல்லை என்றுதான் சொல்லி வந்தார். ஏமாந்திருந்தால் பேஸில் சறுக்கி விழுந்திருப்பேனே என்பது அவர் வாதம். பந்தைத் தவறவிட்டேன், பிடிபட்டுவிடுமோ என்று தயங்கினேன் என்றார். மாமா சொன்ன வெள்ளைக் கூரையை வைத்துப் பார்த்தால் இது நம்பக்கூடியது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ராக்கோழி, "அடிக்க விடாதது யார்" என்று கேட்டீர்களே, அதுதான் கொஞ்சம் இடிக்கிறது. ஒரு பேட்டர் பந்தைத் தரையில் தட்டுவது பிட்சரின் திறமை, ஹெர்பெக் கைக்கு நேராகத் தட்டுவது அதிர்ஷ்டம். நான்கடி தள்ளிப் போயிருந்தால் இரண்டு ரன்.

இன்னொன்று. அதே எட்டாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியை (பிரேவ்ஸ் அடிப்பது மேல்பாதி, ட்வின்ஸ் அடிப்பது கீழ்ப்பாதி) ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே ட்வின்ஸுக்கும் ஒரு அவுட்டில் மூன்று பேஸும் நிரம்பியது. ஹெர்பெக் நேராக பிரேவ்ஸின் மார்க் லெம்கி கைக்கு அடித்தார், லெம்கி அப்படியே இரண்டாம் பேஸை மிதித்து இரட்டை அவுட். ஒரே இன்னிங்ஸில் இரு பக்கமும் மூன்று பேஸும் நிரம்பி இரட்டை அவுட்டில் முடிகிறது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

#9 வடம்பிடி

இந்த இழையில் இன்னும் ஒருவர் பெயர் வரவில்லை. ஜான் ஸ்மோல்ட்ஸ்.

எதிர்ப்பக்கம் வீசியவர். வயது 24. மிச்சிகனில் லான்சிங்கில் வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே டெட்ராய்ட் டைகர்ஸ் வெறியர். டைகர்ஸ் அணியின் தூண் யார்? ஜாக் மோரிஸ். 14 சீசன் அங்கேதான் வீசினார். ஸ்மோல்ட்ஸை டைகர்ஸே எடுத்துச் சேர்த்து, 1987-இல் டாயில் அலெக்சாண்டர் என்ற மூத்த பிட்சருக்காக பிரேவ்ஸிடம் கைமாற்றிவிட்டது. டைகர்ஸ் ரசிகர்கள் இன்றும் அந்த வியாபாரத்தைச் சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பையன், தான் பார்த்து வளர்ந்த ஆளுக்கு எதிராக, உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஏழே கால் இன்னிங்ஸுக்குமேல் ரன்னே கொடுக்காமல் வீசினான். எட்டாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் மேனேஜர் பாபி காக்ஸ் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஸ்மோல்ட்ஸுக்கு ஒரு ரன்னும் எழுதப்படவில்லை, ஆனால் வெற்றியும் இல்லை. ஷட்அவுட் கணக்கில் அவர் பெயர் இல்லை. மோரிஸ் நின்றார், இவர் போனார், வித்தியாசம் அவ்வளவுதான்.

#10 இடதுகை

வடம்பிடி, "மோரிஸ் நின்றார்" என்றீர்களே, அவர் நின்றதும் லேசில் இல்லை. ஒன்பதாவது முடிந்ததும் கெல்லி அவரை எடுத்துவிடத்தான் நினைத்தார். ஒன்பது இன்னிங்ஸ், மூன்று நாள் ஓய்வு, 36 வயது. எந்த மேனேஜரும் நினைப்பதுதான். மோரிஸ் நகரவில்லை. தனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று நின்றார். பிட்சிங் கோச் டிக் சச்சும் அவர் பக்கம் பேசினார். கடைசியில் கெல்லி, என்ன பெரிசு, இதுவும் ஒரு ஆட்டம்தானே என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு விலகிக்கொண்டார் என்பது எல்லோரும் சொல்லும் கதை.

கெல்லிக்கு மாற்று இல்லாமல் இல்லை. ரிக் அகிலேரா என்ற நல்ல குளோசர் (ஆட்டத்தின் கடைசியில் வந்து முடித்து வைக்கும் பிட்சர்) இருந்தார். ஆனால் முந்தின இரவு ஆறாவது ஆட்டத்தில்தான் அவர் கடைசி இரண்டு இன்னிங்ஸை வீசியிருந்தார். ட்வின்ஸின் கெர்பி பக்கெட் 11-வது இன்னிங்ஸில் பிரேவ்ஸின் சார்லி லீப்ரான்ட் பந்தைப் பறக்கவிட்டு முடித்த ஆட்டம்.

#11 புதுசு_நான்

மன்னிக்கவும், மறுபடி நான். அந்த 9-வதும் 10-வதும் எப்படிப் போனது? களைப்பு தெரிந்ததா?

#12 ராக்கோழி

தம்பி, அங்கேதான் விஷயமே இருக்கிறது. எட்டாவதில் அவ்வளவு நெருக்கடி வந்து போனபிறகு, 9-வதில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள். 10-வதிலும் அப்படியே. யாரும் பேஸுக்கு வரவில்லை. என் நோட்டில் அந்த இரண்டு கட்டமும் காலி வெள்ளையாக இருக்கிறது. எட்டாவது கட்டம் மட்டும் அழித்து அழித்துக் காகிதமே தேய்ந்துபோய்.

கணக்கனுக்கு என் பதிலும் இதுதான். ஹெர்பெக் கைக்கு பந்து போனது அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம், சரி. அதற்கப்புறம் ஆறு பேரை வரிசையாக அனுப்பியதும் அதிர்ஷ்டமா? 5-வது இன்னிங்ஸில் முதல், மூன்றாம் பேஸில் ஆள் நிற்க, பெண்டில்டனைச் சின்ன ஃப்ளையிலும் கேண்ட்டை ஸ்ட்ரைக் அவுட்டிலும் முடித்தாரே, அதுவும் அதிர்ஷ்டமா? ஒரே இரவில் எத்தனை அதிர்ஷ்டம் ஐயா கணக்கு வைப்பது?

#13 கணக்கன்

5-வது இன்னிங்ஸை மறந்துவிட்டேன். அந்த ஓவரை உங்களுக்கே விடுகிறேன். (கிரிக்கெட் சொல் வந்துவிட்டது, விடுங்கள்.)

ஆனால் ஒரு கேள்வி. இன்றைக்கு ஒரு மேனேஜர் கெல்லி செய்ததைச் செய்வாரா? 2020 உலகத் தொடர் ஆறாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல் ஐந்தே கால் இன்னிங்ஸுக்குமேல் இரண்டு ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். 73 பந்துதான். மேனேஜர் கெவின் கேஷ் வந்து எடுத்துவிட்டார். அடுத்து வந்த நிக் ஆண்டர்சனிடம் டாட்ஜர்ஸ் முந்திக்கொண்டது, 3-1 என்று கோப்பையும் போனது. கேஷ் அன்று வாங்கிய திட்டு கொஞ்சமா? ஆனால் ஒரே பேட்டர் மூன்றாவது முறை வரும்போது பிட்சரின் குட்டு உடைந்துபோகும் என்பது வருடக்கணக்கான எண்ணிக்கை சொல்வது. கேஷ் அந்த எண்ணிக்கையை நம்பினார், தோற்றார். கெல்லி ஆளை நம்பினார், ஜெயித்தார். கெல்லி தோற்றிருந்தால்?

#14 வடம்பிடி

பிட்சரை நம்பி ஜெயித்த ஆட்டங்கள் 1991-க்குப் பிறகும் இருக்கின்றன. 2003 ஆறாவது ஆட்டம், ஜாஷ் பெக்கெட், 23 வயது, அவரும் மூன்றே நாள் ஓய்வு, யாங்கீஸை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று முடித்து ஃப்ளோரிடா மார்லின்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2014 ஐந்தாவது ஆட்டம் மேடிசன் பம்கார்னர், கான்சஸ் சிட்டிக்கு எதிராக 5-0. இரண்டும் கம்ப்ளீட் கேம் ஷட்அவுட்.

மோரிஸுக்கு முன்னால் ஏழாவது ஆட்டம் 1-0 என்று முடிந்தது 1962-இல். யாங்கீஸின் ரால்ஃப் டெர்ரியும் அன்று முழுசாக வீசினார். ஆனால் அது ஒன்பதோடு முடிந்த ஆட்டம். ஏழாவது ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனதென்றால், 1991-க்கு முன்னால் 1924-க்குத்தான் போக வேண்டும்.

#15 இடதுகை

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், ஒரு கதை. உலகத் தொடர் இல்லை, சாதாரண சீசன் ஆட்டம். 1963 ஜூலை 2, சான் ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க். ஜயன்ட்ஸுக்கு ஹுவான் மாரிசால், 25 வயது. மில்வாக்கி பிரேவ்ஸுக்கு வாரன் ஸ்பான், 42 வயது. ஒன்பது முடிந்தது, 0-0. பன்னிரண்டு, பதினான்கு, அப்போதும் 0-0. ஜயன்ட்ஸ் மேனேஜர் ஆல்வின் டார்க் மாரிசாலை எடுக்கப் பார்த்தாராம். அந்த மனிதருக்கு வயது 42, அவரே இன்னும் நிற்கிறார், நான் எப்படிப் போவேன் என்று மாரிசால் மறுத்தாராம். 16-வது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸின் வில்லி மேஸ் ஸ்பானின் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். 1-0. மாரிசால் வீசியது 227 பந்து, ஸ்பான் 201.

கணக்கனுக்கு: இதில் யாருடைய தப்பும் இல்லை. ஸ்பான் வீசிய அந்த 201-ல் ஒன்றே ஒன்றுதான் வெளியே போனது.

#16 தூக்கம்கெட்டவன்

227 பந்தா! வீட்டில் துவைத்த துணியை உலர்த்த மாடிக்குத் தூக்கிப் போனாலே எனக்குத் தோள் போய்விடுகிறது.

#17 கணக்கன்

மாரிசால் கதை எனக்குப் பிடித்த கதை, அதனால் சண்டை போட மனம் வரவில்லை. ஆனால் மோரிஸ் விஷயத்தில் இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது. ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பாலின் பெரிய ஆட்களுக்கான கௌரவப் பட்டியல்.

254 வெற்றி, 175 கம்ப்ளீட் கேம், சரி. ஆனால் அவருடைய ஈ.ஆர்.ஏ. 3.90. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய நான்கு ரன். ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் பிட்சர்களிலேயே இதுதான் அதிகம். பத்திரிகையாளர் ஓட்டில் 15 வருடம் நின்றார், 75 சதவீதம் வேண்டும், அதிகம் எட்டியது 2013-இல் 67.7. கடைசியில் தனிக்குழு ஒன்று தேர்ந்தெடுத்து 2018-இல் உள்ளே போனார், டைகர்ஸ் கூட்டாளி ஆலன் டிரம்மலோடு சேர்ந்து. அக்டோபர் 27, 1991 என்ற ஒரு இரவு மட்டும் இல்லாமல் இருந்தால் அந்தக் கதவு திறந்திருக்குமா? அந்த இரவுக்குள்ளே ஸ்மித்தின் தயக்கமும் இருக்கிறது என்பதுதான் என் புகார்.

#18 ராக்கோழி

ஒரு இரவு மட்டும் இல்லை ஐயா. 1984 உலகத் தொடரில் டைகர்ஸுக்காக இரண்டு ஆட்டம் வீசி இரண்டையும் முழுசாக முடித்து வென்றார். அதே வருடம் ஏப்ரலில் ஒரு நோ-ஹிட்டர், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லாத ஆட்டம். ஆனால் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், 1992-இல் டொராண்டோவுக்குப் போய் 21 ஆட்டம் வென்றுவிட்டு, உலகத் தொடரில் வீசிய இரண்டு ஆட்டத்திலும் அடி வாங்கினார். பெரிய ஆட்டம் என்றாலே அவர் சிங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் பேசுவது இந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி மட்டும். 3.90 எல்லாம் எனக்கு வேண்டாம், அது வேறு இழை.

#19 மினசோட்டா மாமா

எல்லோரும் மேல்பாதியிலேயே நிற்கிறீர்கள். பத்தாவதின் கீழ்ப்பாதியில் ரன் எப்படி வந்தது என்று தம்பிக்கு யாரும் சொல்லவே இல்லையே.

ட்வின்ஸின் டான் கிளாடன் மட்டை உடைந்து அடித்த பந்து, இடது-நடுவில் விழுந்து உயர எகிறியது. வேறு யாராக இருந்தாலும் முதல் பேஸோடு நின்றிருப்பார். இவர் நிற்காமல் இரண்டாம் பேஸுக்கு ஓடினார். தலைகீழாகப் பாருங்கள்: எட்டாவதின் மேல்பாதியில் ஒருவர் நின்றதால் ரன் போனது, இங்கே ஒருவர் நிற்காததால் ரன் வந்தது. நாப்லாக் பந்தைத் தட்டிவிட்டு அவரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். பிரேவ்ஸ் வேண்டுமென்றே பக்கெட்டையும் ஹெர்பெக்கையும் நடக்க விட்டு மூன்று பேஸையும் நிரப்பியது.

அப்போது கெல்லி அனுப்பியது ஜீன் லார்கின். முழங்கால் வலியோடு வெளியே உட்கார்ந்திருந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பழைய பேஸ்பால் நட்சத்திரம் லூ கெரிக்கின் பழைய சாதனைகளை உடைத்தவர் என்பது அவருக்கு இருந்த புகழ். பிரேவ்ஸின் அலெஹாண்ட்ரோ பென்யா வீசிய முதல் பந்து. வெளி மைதானக்காரர்கள் எல்லோரும் முன்னால் வந்து நிற்க, அவர்கள் தலைக்கு மேலே இடது-நடுவில் போய் விழுந்தது. கிளாடன் வீட்டுத் தட்டில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தார். முதலில் வந்து கட்டிப்பிடித்தவர்களில் மோரிஸும் ஒருவர்.

செயின்ட் பாலில் பிறந்த ஆள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர். 14 வருடம் டெட்ராய்ட்டில் வீசிவிட்டு அந்த ஒரே ஒரு சீசனுக்கு ஊருக்கு வந்து, இதைச் செய்துவிட்டு டொராண்டோவுக்குப் போய்விட்டார். இங்கே பழைய ஆட்கள் இன்றும் அவரை "நம்ம ஆள்" என்றுதான் சொல்கிறார்கள், கொஞ்சம் கோபத்தோடு.

#20 கணக்கன்

மாமா, கிளாடன் ஓடியது பற்றி நீங்கள் சொன்னதை நான் இதற்கு முன் யோசித்ததே இல்லை. சொல்லப்போனால் இந்த இழையிலேயே அது ஒன்றுதான் என்னை அசைத்தது. மோரிஸ் வென்றார் என்று இப்போதும் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்மித் தோற்றார் என்று இனி எழுத மாட்டேன். "தாரை வார்த்த" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

#21 புதுசு_நான்

அண்ணன்மார்களே, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டேன். சரியாகப் புரியாத இடமெல்லாம் இந்த இழையைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நான்கு இன்னிங்ஸ் வரை கொஞ்சம் அலுப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். எட்டாவதில் பிரீம் அடித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அம்மா வந்து யார் அவுட் என்று கேட்டார்கள்.

ஒரு சந்தேகம். ஆட்டம் ஆரம்பிக்கும்போது முதல் பேட்டராக லோனி ஸ்மித் வருகிறார். வந்ததும் ட்வின்ஸ் கேட்சர் ஹார்ப்பரோடு கைகுலுக்குகிறார். இது வழக்கமா? வேறு யாரும் செய்ததாகத் தெரியவில்லையே.

#22 ராக்கோழி

வழக்கமில்லை தம்பி. நான்காவது ஆட்டத்தில் ஸ்மித் ஹோமுக்கு ஓடி வந்து ஹார்ப்பர் மேல் முழு உடம்போடு மோதினார். ஹார்ப்பர் மல்லாந்து விழுந்தார், ஆனால் பந்தை விடவில்லை, ஸ்மித் அவுட். அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்ட கைகுலுக்கல் அது. எட்டாவதில் அதே தட்டில், அதே ஹார்ப்பர் கையில்தான் ஸ்மித் மறுபடி அவுட் ஆனார். என் நோட்டில் அந்தக் கைகுலுக்கலுக்கு எந்தக் குறியீடும் கிடையாது. ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்துக்கொண்டேன்.